முன் சக்கரத்துத் தாயத்து

அந்தப் பையை எடுத்து மடியில வெச்சுக்குங்க சார். பைக்கும் சேத்தா டிக்கெட் எடுத்தீங்க? கோவிச்சுக்காதீங்க, இன்னிக்கு நான் யாரைப் பாத்தாலும் இப்படித்தான் விழறேன். காலையில எம் பொண்டாட்டி காப்பி கொண்டாந்து வெச்சா. சூடே இல்லைன்னு கத்திட்டுத்தான் கிளம்பினேன். சூடாத்தான் இருந்துச்சு.

எங்க, கிண்டிக்கா? நானும் கிண்டிதான். எஸ்டேட்ல எங்க கம்பெனி ஆபீஸ், அங்க இன்னிக்கு விசாரணை, கவர்மென்ட் ஆபீசருங்க வர்றாங்க. ஏன் அப்படிப் பாக்குறீங்க? விசாரணை என் மேல இல்ல. நான் சாட்சி. ஒரு பொம்பளை என்ஜினியரோட லைசென்ஸ் இருக்குமா போகுமான்னு இன்னிக்கு முடிவு பண்ணப் போறாங்க. போச்சுன்னா அவ இந்த ஜென்மத்துல எந்த பிளேன்லயும் கை வைக்க முடியாது. போகணும் சார். நான் சொல்லப் போறதைக் கேட்டு, அது போகணும்.

பேப்பர்ல பாத்திருப்பீங்க, ஆயுத பூஜை அன்னிக்கு ஒரு பெரிய சரக்கு பிளேன் முன் சக்கரம் வெளியே வராமலே எறங்குச்சுன்னு. ஆங், அதான். அதுல சரக்கு ஏத்தினது யாருன்னு நினைக்கிறீங்க? உங்க பக்கத்துல உக்காந்திருக்கேனே, இந்தக் கன்னியப்பன்தான். லோடிங் சூப்பர்வைசர். எங்கிட்ட ஆளுங்க இருக்காங்க, டிராக்டருங்க இருக்கு, சரக்கை மேல தூக்குற லிஃப்ட் வண்டிங்க இருக்கு. மூக்கையே மேல தூக்கித் திறக்குற பிளேன் வரும் பாருங்க, நாலு எஞ்சின் வெச்சது, அதுக்குள்ள குதிரை ஏத்தியிருக்கேன், காரு ஏத்தியிருக்கேன், ஒரு தடவை பெரிய கோயில் மணி ஒண்ணு வெளிநாட்டுக்குப் போச்சு, அதையும் நான்தான் ஏத்தினேன். ஒரு கீறல் விழுந்ததில்ல.

எங்க எடத்துல ஆயுத பூஜைன்னா சும்மா இல்ல. டிராக்டரைக் கழுவி, லிஃப்ட் வண்டியைக் கழுவி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டுத்தான் அடுத்த வேலை. பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியே கொண்டு போய்த்தான் உடைப்போம், உள்ள உடைக்க விட மாட்டாங்க. அன்னிக்கு எந்த பிளேன் நிக்குதோ அதோட முன் சக்கரத்தைத் தாங்குற காலுக்கும் நான் மூணு பொட்டு வெப்பேன். எத்தனையோ வருஷமா வெக்கிறேன். முன்னாடி இருந்த என்ஜினியர் சாருங்க எல்லாம் பாத்தும் பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க. பெரிய மனுஷங்க. பொரி கடலை கொடுத்தா வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்குவாங்க. அவங்க காலத்துல ஒரு சக்கரம் சிக்குச்சா? கேட்டுச் சொல்லுங்க யாரையாவது.

இவ வந்தா. முத்துச்செல்வி. கோவில்பட்டிப் பக்கம். பேச்சே வேற மாதிரி இருக்கும், 'வருதேன், பாக்குதேன், சொல்லுதேன்'னு. சாமி நம்பிக்கை இல்லாதவன்னு நினைச்சுக்காதீங்க. நெத்தியில எந்நேரமும் விபூதி இருக்கும். அதான் எனக்கு இன்னும் எரியுது. உன் நெத்தியில இருக்கலாம், நான் கும்பிடுற வண்டியோட நெத்தியில இருக்கக் கூடாதா?

அவ வேலை பாக்குறதைப் பாக்கணுமே. பெட்டியில ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு பள்ளம் வெட்டி வெச்சிருப்பா. வேலை முடிஞ்சதும் பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணா விரலால தொட்டுப் பாப்பா. எல்லாம் வந்துடுச்சான்னு. துடைக்கிற கந்தல் துணி கூட எத்தனை எடுத்தாளோ அத்தனை திரும்ப வரணும். ஒரு தடவை ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் காணோம்னு கிளம்பற பிளேனையே நிறுத்தி வெச்சிட்டா. கடைசியில அது அவ ஹெல்பரோட பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு. நாங்க எல்லாரும் வெயில்ல நின்னு காஞ்சோம். புருஷன் வீட்டுக்குப் போற பொண்ணு நகையைத் தொட்டுப் பாக்குற மாதிரி இருக்குடான்னு நான் சொன்னேன், என் ஆளுங்க எல்லாம் சிரிச்சானுங்க. அவ காதுலயும் விழுந்துச்சு. விழட்டும்னுதான் சொன்னேன்.

கதைக்கு வரேன். ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில அந்த பிளேன் நிக்குது. மத்தியானம் கிளம்பணும். நான் குளிச்சு, புதுச் சட்டை போட்டு, தட்டோட போனேன். முன் காலுக்கு மூணு பொட்டு வெச்சேன், சக்கரத்துக்குக் கொஞ்சம் குங்குமம். கற்பூரம் காட்டலை சார், பிளேன் பக்கத்துல நெருப்பு காட்டக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் காட்டான் இல்ல. கையால ஒத்திக் கண்ணுல வெச்சுக்கிட்டேன். என் ஆளுங்க மொத்தம் பின்னால நிக்கிறானுங்க. அந்த நேரம் பாத்து வந்தா.

"அண்ணே, பிளேன்ல இதெல்லாம் வைக்கக் கூடாதுண்ணே. உங்க டிராக்டருக்கு எவ்வளவு வேணா வைங்க. இதுல ஒரு தூசி புதுசா வந்தாலும் நான்தான் பதில் சொல்லணும்"னா.

நான் சொன்னேன், "ஏம்மா, மூணு பொட்டு. பிளேன் எடை தாங்காதா?"

அவ பெட்டியில இருந்து ஒரு துணி எடுத்தா. துடைச்சா சார். என் கண்ணு முன்னாலயே, என் ஆளுங்க கண்ணு முன்னாலயே, நல்ல நாளும் அதுவுமா, வெச்ச சந்தனத்தைத் துடைச்சா. துடைச்ச துணியை மடிச்சுப் பெட்டியில வெச்சு மூடினா. பின்னால ஏழுமலை சிரிச்சான். ஏழுமலைன்னா எங்கிட்ட லோடிங் வேலைக்கு இருக்கிறவன், வாய்க்கொழுப்புப் புடிச்சவன். இத்தனை வருஷம் என் முன்னால நிமிந்து நிக்காதவன், அன்னிக்குச் சிரிச்சான்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, பக்கத்துல டிராக்டருக்குப் பின்னால போய் நின்னு மூக்கைச் சிந்திட்டுத்தான் வந்தேன். எங்க அப்பா லாரி ஓட்டினவர். அவர் லாரிக்கு வெச்ச பொட்டை எவனாவது துடைச்சிருந்தா அங்கேயே ரத்தம் பாத்திருப்பார். நான் என்ன பண்றது, மாசச் சம்பளக்காரன்.

டிக்கெட்டா? எடுத்தாச்சுப்பா, போ. ஒரு தடவை கேட்டா பத்தாதா இவனுக்கு.

ஆனா சும்மா விட்டேன்னு நினைக்காதீங்க. என் சட்டைப் பையில ஒரு தாயத்து இருந்துச்சு. அனகாபுத்தூர்ல எங்க முனீஸ்வரன் கோயில் பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்கினது. செப்புத் தகட்டைச் சுருட்டி, ரெண்டு பக்கமும் மூடி, கறுப்புக் கயிறு கோத்தது. அந்த வருஷம் லிஃப்ட் வண்டிக்குக் கட்டலாம்னு வாங்கியிருந்தேன். இவ சந்தனத்தைத் துடைச்சாளே, அப்ப முடிவு பண்ணேன். இது இந்த பிளேனுக்குத்தான். துடைச்ச பாவம் பிளேன் மேல விழக் கூடாதுல்ல? அதுல நாலு பேர் போறாங்க. அந்த கேப்டன், வெள்ளைக்காரர், காலையில நான் கொடுத்த பொரியை நின்னுக்கிட்டே தின்னு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினவர். அவருக்கு ஒண்ணுன்னா என் மனசு தாங்குமா?

அவ பேப்பர்ல கையெழுத்து வாங்க மேல கேப்டன்கிட்டப் போயிருந்தா. ஏழுமலையைப் பாத்துக்கடான்னு நிறுத்திட்டு, முன் சக்கரத்து மேல ஏறினேன். அந்தச் சக்கரம் பெருசு, ஏறி நின்னா கால் உள்ள மடங்கிப் போற குழி தலைக்கு மேல இருக்கும். கையை விட்டேன். உள்ள ஒரு கொக்கி. உள்ளங்கை அகலம், பளபளன்னு. கால் மேல மடங்கினதும் அது விழாம புடிச்சு வெச்சுக்குற கொக்கி அது, எனக்கே தெரியும், பாத்திருக்கேன்ல. ஒரு பிளேனுக்கு உயிரே அங்கதான் இருக்குன்னு தோணுச்சு. அந்தக் கொக்கியிலயே மூணு சுத்து சுத்தி இறுக்கிக் கட்டினேன். வெளியே தொங்கினா அவ கண்டுபிடிச்சுடுவாளேன்னு தாயத்தைக் கொக்கிக்கு உள் பக்கமா நல்லா அழுத்தி விட்டேன்.

அவ வந்தா. கிளம்பறதுக்கு முன்னால வழக்கமா டார்ச் அடிச்சுப் பாப்பா. பாத்தா. குனிஞ்சு பாத்தா, அண்ணாந்து பாத்தா. கறுப்புக் கயிறு, உள்ள இருக்குற டியூப் எல்லாமும் கறுப்பு. எங்க தெரியும்? அப்புறம் பெட்டியைத் திறந்து அவ நகையெல்லாம் தொட்டுப் பாத்தா. எல்லாம் இருந்துச்சு போல, மூடிட்டா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. படிச்சவளாம்.

மத்தியானம் பிளேன் கிளம்புச்சு. மேல போய்க் கொஞ்ச நேரத்துல திரும்பி வருதுன்னு வயர்லெஸ்ல சத்தம். முன் கால் மேல மடங்கினது சரியா மடங்கலையாம், மேல போய்க் கோணிக்கிட்டு நிக்குதாம், கேப்டனுக்கு உள்ள சிவப்பு லைட் எரியுதாம். சரி, எறக்கிடலாம்னு காலைக் கீழ விட்டா கால் வரலை. பின்னால இருக்குற சக்கரமெல்லாம் வந்துடுச்சு, முன்னாடி மட்டும் வரலை. சிக்கிக்கிட்டுச்சு.

அப்புறம் என்ன, எண்ணெய் தீரட்டும்னு கடல் மேல சுத்தினாங்க. கோவளத்துப் பக்கம் போறதும் வர்றதுமா. நாங்க எல்லாம் வெளியே நின்னு வானத்தையே பாக்குறோம். தீயணைப்பு வண்டிங்க வரிசையா வந்து நிக்குது. ஆம்புலன்ஸ் வருது. ஏழுமலைக்கு முகம் வெளிறிப் போச்சு, என் கிட்ட வந்து "அண்ணே, அந்தத் தாயத்து..."ன்னான். "அது இருக்குடா, பயப்படாத, அது பாத்துக்கும்"னு தைரியம் சொன்னேன். அவன் ஏதோ திரும்பவும் சொல்ல வந்தான், அதட்டி அனுப்பிட்டேன். நம்பிக்கை இல்லாதவன் கிட்ட நின்னா எனக்கே நம்பிக்கை போயிடும்.

அவ எங்க நின்னா தெரியுமா? தனியா, ஓடுபாதைப் பக்கம் பாத்துக்கிட்டு, கையில அந்தப் பெட்டியோட. திறக்கறா, தொட்டுப் பாக்குறா, மூடுறா. திரும்பத் திறக்கறா. நான் அங்கேருந்தே கத்தினேன், "துடைச்சியே, இப்ப பாரு"ன்னு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ பாக்கலை.

சாயங்காலம் எறங்குச்சு. நான் எத்தனையோ பிளேன் எறங்குறதைப் பாத்திருக்கேன், அது மாதிரிப் பாத்ததில்ல. பின் சக்கரத்துல ஓடி வருது, ஓடி வருது, மூக்கைத் தூக்கியே புடிச்சிருக்காரு அந்த மனுஷன், எவ்வளவு நேரம் புடிக்க முடியுமோ அவ்வளவு நேரம். அப்புறம் மூக்கு மெதுவா தலைகுனிஞ்சு தரையைத் தொட்டுச்சு. அந்தச் சத்தம் இன்னும் எங்காதுல இருக்கு. நெருப்புப் பொறி, புகை, தார் கருகற நாத்தம். முனீஸ்வரான்னு கத்திட்டேன். நின்னுச்சு. கதவு திறந்துச்சு. ரப்பர்ச் சறுக்கு மரத்துல நாலு பேரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் எறங்கினாங்க. ஒருத்தருக்கும் ஒரு காயம் இல்ல.

இப்ப நீங்களே சொல்லுங்க. மூக்கு தேஞ்சு போச்சு, ஆனா நாலு உசுருக்கு ஒண்ணும் ஆகலை. மூக்கு தேஞ்சது அவ துடைச்சதுனால. உசுரு பொழைச்சது நான் கட்டினதுனால. சின்னக் குழந்தைக்குப் புரியும்.

நிரூபணமும் இருக்கு. கிரேன் வெச்சு மூக்கைத் தூக்கி, அந்தக் காலை வெளியே எடுத்தாங்களே, அப்ப நான் பக்கத்துல போய்ப் பாத்தேன். கொக்கியில கயிறும் இல்ல, தாயத்தும் இல்ல. எம் மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பூசாரி கொடுக்கும்போதே சொன்னார், வர்ற ஆபத்தை வாங்கிக்கிட்டு இது தன்னால மறைஞ்சு போயிடும்னு. அப்படியே நடந்துடுச்சு.

அப்புறம் விசாரணைக்காரங்க வந்தாங்க. அந்தக் கொக்கியைப் பிரிச்சுப் பாத்தா, உள்ள ஏதோ உலோகம் நசுங்கி, தகடு தகடா ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். அதுதான் கொக்கியைச் சரியா மூடவும் விடாம, அப்புறம் திறக்கவும் விடாம செஞ்சுச்சாம். கருகிப் போன நார் வேற கொஞ்சம் கிடந்துச்சாம். கேட்டீங்களா? ஊருக்கெல்லாம் ஸ்பேனரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாளே, அவ எதையோ உள்ள விட்டுட்டு வந்திருக்கா. துணியும் விட்டிருக்கா. கடைசியா அந்தக் குழியில கை விட்டது அவதான்னு பேப்பர்ல அவ கையெழுத்தே இருக்கு. வேலையை விட்டு நிறுத்தி வெச்சுட்டாங்க. அவ சொல்றா, என் பெட்டியில ஒண்ணும் குறையலைன்னு. யாரு நம்பறது? குறைஞ்சதுக்கு வேற ஒண்ணு வாங்கி வெச்சிருப்பா.

என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, அந்தப் பொண்ணு வேலையில எப்படின்னு. எனக்கு என்ன சார் தெரியும், நான் லோடிங் பாக்குறவன்னுட்டேன். பெட்டியைத் தொட்டுப் பாப்பாளான்னு கேட்டாங்க. கவனிச்சதில்லைன்னேன். அவளுக்காக நான் ஏன் வாயைத் திறக்கணும்?

இதோ ஏர்போர்ட் வந்துடுச்சு பாருங்க. அந்த மதில் சுவருக்கு அந்தாண்டதான் நாங்க.

காலையில அவ போன் பண்ணினா சார். அதான் இன்னிக்கு எனக்கு இவ்வளவு கோபம். அந்த ஏழுமலை ஏதோ போய் உளறியிருக்கான். "அண்ணே, கோவப்படாம ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு நான் துடைச்சதுக்கு அப்புறம் நீங்க மறுபடி ஏதாச்சும் வச்சீங்களா?"ன்னா.

மிரட்டறாளான்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் எனக்கு என்ன பயம்னு தோணுச்சு. "ஆமாம்மா, வெச்சேன். நீ துடைச்சா நான் விட்டுடுவேன்னு நினைச்சியா? முனீஸ்வரன் தாயத்து. கட்டினேன்"னேன்.

"எங்கண்ணே கட்டினீங்க?"

"கொக்கியில. மூணு சுத்து. நீ டார்ச் அடிச்சியே, உன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு உள்ளயே இருந்துச்சு. அதனாலதான் அந்த நாலு பேரும் இன்னிக்கு அவங்கவங்க வீட்டுல சோறு திங்கறாங்க"ன்னேன்.

போன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். இல்ல. அழுறா சார். வாயைப் பொத்திக்கிட்டு அழுறா, நல்லாக் கேட்டுச்சு. தோத்துட்டான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. இத்தனை நாள் காத்திருந்தது அதுக்குத்தான். சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கேட்டா, "இதை இன்னிக்கு அங்க வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களாண்ணே?"ன்னு.

"சொல்லத்தானேம்மா வரேன்."

"இப்படியே சொல்லணும்ணே. ஒரு வார்த்தை மாத்தாம."

"மாத்திப் பேசறது எங்க பரம்பரையிலயே கிடையாது"ன்னேன். "உங்களைக் கும்பிடுதேண்ணே"ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டா. கும்பிடுறாளாம். சந்தனத்தைத் துடைச்சப்ப அந்தக் கை எங்க போச்சு? இப்ப கும்பிட்டா நான் இளகிடுவேனா? ஒண்ணு விடாம சொல்லுவேன். எந்த எடத்துல கட்டினேன், எப்படிக் கட்டினேன், அவ கண்ணுக்குத் தெரியாம எப்படி உள்ள அழுத்தினேன், எல்லாம்.

வெறும் வாய் வார்த்தைன்னு சொல்லிடக் கூடாதுல்ல? அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போறேன். காலையில நேரா பூசாரி வீட்டுக்குப் போனேன். அன்னிக்குச் செஞ்சாரே அதே தகட்டுல மிச்சம் இருந்துச்சு, அதுலயே இன்னொண்ணு சுருட்டிக் கொடுக்கச் சொன்னேன். இதோ பாருங்க. கையில வாங்கிப் பாருங்க சார், ஒண்ணும் பண்ணாது. அதே செம்பு, அதே நீளம், அதே கறுப்புக் கயிறு. இதை அவங்க மேஜை மேல வெச்சு, இதுதான்யா உங்க பிளேனைக் காப்பாத்துச்சுன்னு சொல்லப் போறேன். வேணும்னா அதை அறுத்து, நசுக்கி, எப்படி வேணா சோதிச்சுப் பாத்துக்கட்டும். எனக்கு என்ன பயம்?

என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி போகுது?

என்னது? இதை அங்க காட்டாதீங்களா? ஏன் காட்டக் கூடாது? வீட்டுக்குத் திரும்பிப் போகணுமா? நான் ஏன்யா திரும்பிப் போகணும்? முதல்ல வக்கீலைப் பாக்கணுமா? சாட்சி சொல்றவனுக்கு வக்கீல் எதுக்கு? கொடுங்க அதை இப்படி. நீங்க எந்த ஊரு? மதுரைக்கு அந்தாண்டயா? அதானே பாத்தேன். பேச்சுலயே தெரிஞ்சுது. உங்க ஊர்ப் பொண்ணுன்னதும் பாசம் பொத்துக்கிட்டு வருதா? அவளைக் காப்பாத்த என் வாயை அடைக்கப் பாக்குறீங்களா?

கையை விடுங்க சார். விடுங்கன்னேன். கத்திப்பாரா தாண்டிடுச்சு, அடுத்தது எங்க ஸ்டாப்பிங். கண்டக்டர், நிறுத்துப்பா, எறங்கணும். நீங்க அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கிக்குங்க, எங்கூட வராதீங்க. நான் போய் உக்காந்து வாயைத் திறக்கிற வரைக்கும் அங்க யாரும் தீர்ப்பு எழுத மாட்டாங்க.